வாயுவுக்குப் பயந்து பருப்பை நிறுத்தாதீர்கள்

தை மாதம் பிறந்தால் குடியாத்தம் சந்தையில் பச்சை மொச்சை குவியும். அதே வாரத்தில் என் கிளினிக்கிலும் "கேஸ், டாக்டர்" என்று வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை, இரண்டு நாளில் தானாகவே சரியாகிவிடும். வாயு வாயு என்று சொல்லி பருப்பு, பயறு, கோஸ், முள்ளங்கி எல்லாவற்றையும் வருஷக்கணக்கில் ஒதுக்கி வைத்துவிட்டு வருகிறார்களே, அவர்களைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

போன வாரம் வந்த அம்மா பீடி சுற்றுகிறவர். அறுபதை நெருங்கும் வயது. "பருப்பு சாப்பிட்டா வாயு முட்டியில எறங்கிடுது" என்றார். மூன்று வேளையும் ரசம் சோறுதான். நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்றினார். தொடைச் சதை வற்றிப்போயிருந்தது. மூட்டுத் தேய்மானம் அவருக்கு உண்டுதான். ஆனால் முட்டியைத் தாங்கிப் பிடிப்பது தொடைச் சதை. அந்தச் சதைக்கு வேண்டிய புரதத்தை நிறுத்திவிட்டு முட்டி வலிக்கிறது என்றால் நான் என்ன தைலம் எழுதித் தருவது?

இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். மொச்சை, கடலை, காராமணியில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உள்ளன. அவற்றைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. அதனால் அவை அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன, அங்குள்ள கிருமிகள் அவற்றைத் தின்று வாயுவை உண்டாக்குகின்றன. அந்த வாயுவுக்கு இரண்டே வழிதான். ஒன்று, கீழே போகும். இல்லையென்றால் கொஞ்சம் ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய் மூச்சில் வெளியேறும். (மூச்சில் வரும் ஹைட்ரஜனை அளந்து செரிமானக் கோளாறைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையே இருக்கிறது.) முட்டிக்குள் இறங்க வழியில்லை. தோளில் ஏறவும் வழியில்லை. முதுகில் "பிடித்துக்கொள்ள"வும் முடியாது. முட்டி வலித்தால் முட்டியில் கோளாறு, தோள் வலித்தால் தோளில் கோளாறு. சில நேரம் இதயத்தில். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்று, ஒரு நாளைக்குப் பத்திருபது தடவை வாயு பிரிவது நோயே இல்லை.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? நம் பாட்டிகள் செய்ததையே செய்யுங்கள். வட ஆர்க்காட்டில் பிதுக்கம்பருப்புக் குழம்பு தெரியாத வீடு உண்டா? மொச்சையை ராத்திரி முழுக்க ஊற வைத்து, காலையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும். ஊறிய தண்ணீரோடு அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு போய்விடுகிறது. அந்தப் பொறுமை இப்போது இல்லை. ஒரு மணி நேரம் ஊற வைத்து, அதே தண்ணீரோடு குக்கரில் போட்டு, நாலு விசில் விட்டுவிட்டு வாயு என்கிறோம்.

முழுப் பயறு எதுவானாலும் எட்டு மணி நேரமாவது ஊறட்டும். நடுவில் ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். வேலூர் வெயிலில் மாற்றாமல் விட்டால் புளித்து நாறிவிடும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேக வையுங்கள். "சத்தெல்லாம் போயிடுமே" என்று கேட்பார்கள். கொஞ்சம் வைட்டமின் போகும், புரதம் பருப்பிலேயேதான் இருக்கும். விரலால் நசுக்கினால் மசிய வேண்டும், அதுதான் வெந்ததற்கு அடையாளம். முளைகட்டினால் அந்தச் சர்க்கரை இன்னும் குறையும், ஆனால் பச்சையாகத் தின்னாமல் ஆவியில் வேக வைத்துச் சாப்பிடுங்கள். ராஜ்மாவை மட்டும் அரைவேக்காட்டில் இறக்கவே கூடாது. அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப்பொருள் வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும். குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும்.

ஆப்ப சோடா போட்டால் சீக்கிரம் வேகும், உண்மைதான். ஆனால் பி1 வைட்டமின் அழிகிறது, உப்புச்சத்து கூடுகிறது. பிரஷர் உள்ளவர்களுக்கு வேண்டாம். பெருங்காயம், சீரகம், இஞ்சி, ஓமம் எல்லாம் வயிற்றுக்கு இதம்தான், தாராளமாகச் சேருங்கள். ஆனால் ஊறாத மொச்சையை ஒரு சிட்டிகைப் பெருங்காயம் சரிசெய்துவிடாது. (கடையில் விற்கும் கூட்டுப்பெருங்காயத்தில் பெரும்பாலும் மாவும் கலந்திருக்கும், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் பாக்கெட்டைப் படியுங்கள்.)

பருப்பை நிறுத்தியவர்கள் திரும்ப ஆரம்பிக்கும்போது பாசிப்பருப்பிலிருந்து ஆரம்பியுங்கள். தினம் இரண்டு கரண்டி. ஒரு மாதம் போனால் குடல் பழகிவிடும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 85 கிராம் பருப்பு வகைகளும் 400 கிராம் காய்கறியும் சொல்லியிருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் தட்டில் அதில் பாதியாவது இருக்கிறது?

அப்புறம் அந்த "கேஸ் மாத்திரை". வெறும் வயிற்றில் பான்டோப்ரசோல் போட்டுக்கொண்டு மொச்சை சாப்பிட்டால் வாயு வராது என்று நம்புகிறீர்கள். அது அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை, பெருங்குடல் வாயுவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வருஷக்கணக்கில் போட்டால் பி12 குறையும். சோடா குடித்து ஏப்பம் விடுகிறீர்களே, அந்த ஏப்பத்தில் வருவது சோடாவின் வாயுதான்.

இப்போது முக்கியமானது. நடு நெஞ்சிலோ மேல் வயிற்றிலோ அழுத்தம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மூச்சு வாங்கல் இருந்தால் அதைக் கேஸ் என்று நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள், தயவுசெய்து. அது மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரலாம். சோடாவும் இஞ்சிச் சாறும் குடித்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 108க்கு கூப்பிடுங்கள். 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். முதல் ஈசிஜி நார்மலாக வந்தாலும் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது, டாக்டர் சொன்ன பிறகே வீட்டுக்குப் போங்கள்.

எடை குறைவது, மலத்தில் ரத்தம், கறுப்பாக மலம் போவது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்து விடாமல் இருக்கிற வயிற்று உப்பசம், இவற்றுக்கும் கைவைத்தியம் வேண்டாம். பெண்கள் உப்பசத்தை மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள், சினைப்பையையும் பார்க்க வேண்டியிருக்கும்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையாலேயே வாயு கூடலாம். சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது பருப்பே இல்லை, இடையிடையே குடிக்கிற பால் காபிதான். நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல், வரும்போது எல்லா அட்டைகளையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள்.