சஞ்சி: கடல் கடந்த கைநாட்டு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் நிபோங் தெபால் வட்டாரத் தோட்டங்களில் மூத்தவர்கள் தம் முன்னோரை இன்றும் ‘சஞ்சிக்கூலி’ என்றே குறிப்பிடுகிறார்கள். இச்சொல்லின் பின்பாதி நம்முடையது. ‘முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்’ என்று குறள் உழைப்பின் பயனுக்கு ஆண்ட அச்சொல், வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் உழைக்கும் ஆளையே குறிக்கும் இழிசொல்லாயிற்று. முன்பாதியாகிய ‘சஞ்சி’, வாக்குறுதி எனப் பொருள்படும் ‘ஜஞ்சி’ என்னும் மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம். மலாய் நண்பர் ஒருவர் நாளை வருவதாக ‘ஜஞ்சி’ சொன்னால் அதில் அன்புதான் இருக்கிறது. தோட்டத்தில் அதே சொல்லுக்குப் பூட்டின் பொருள் வந்து சேர்ந்தது.

19ஆம் நூற்றாண்டில், நிபோங் தெபாலும் அடங்கிய செபராங் பிறைப் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்காக நாகப்பட்டினத்தில் கப்பலேற்றப்பட்டவர்கள், கப்பல் கட்டணமும் முன்பணமும் சம்பளத்தில் கழிபட, குறித்த ஆண்டுகள் ஒரே முதலாளியிடம் உழைப்பதாகக் கைநாட்டு வைத்தார்கள். இடையில் ஓடினால் சிறை. மலாயாவுக்கு இம்முறையில் ஆள் எடுப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. நெரிசலும் நோயும் மிகுந்த அப்பயணங்களில் இறந்தவர்களுக்குக் கல்லறை இல்லை, அவர்களைக் கடலே வைத்துக்கொண்டது. என் பாட்டி ஆடி அமாவாசையன்று கடலோரத்தில் வாழையிலை விரித்து, பினாங்கில் இறங்கிய தம் பாட்டனாருக்கு ஒரு பிடி சோறும், அதே கப்பலில் ஏறி இறங்காமற்போன அவருடைய தம்பிக்கு ஒரு பிடியும் தனித்தனியே வைப்பார். இரண்டாவது பிடியை மட்டும் அலையிலேயே விடுவார்.

‘சஞ்சி’க்கு ஈடாக ‘ஒப்பந்தம்’ என்று எழுதுவது இப்போதைய வழக்கம். இருவர் ஒத்து இணங்கிச் செய்துகொள்வதே ஒப்பந்தமாதலால், படிக்கத் தெரியாதவரின் பெருவிரலை மையில் தோய்த்து வாங்கிய தாளுக்கு அச்சொல் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. ‘ஆளோலை’ என்ற பழஞ்சொல்லே இதற்கு நெருங்கியது. ஒருவர் தம்மையும் தம் மரபினரையும் ஆட்பட்டவராக எழுதித் தரும் ஓலை அது. பெரியபுராணத்தில் சுந்தரர் திருமணப் பந்தலில் கிழித்தெறிந்தது அத்தகைய ஓலையைத்தான். ஆனால் அது படியோலை, மூல ஓலை வேறாக இருந்து திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளிவந்தது. எங்கள் வீட்டில் படியோலையும் இல்லை. அலையில் சோற்றை விடும்போது பாட்டி சொல்லும் அந்தத் தம்பியின் பெயர் மட்டும் இருக்கிறது.