மொறிஸ் மைனருக்கு எந்த டிஃபரென்ஷியல்?

பழைய மொறிஸ் மைனர் காரின் பின் அச்சிலிருந்து ஊளை மாதிரி ஒரு சத்தம் கிளம்பும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு சுருதி, காலை எடுத்தால் இன்னொரு சுருதி. அப்படிக் கேட்டால், பின் அச்சின் நடுவிலிருந்து இரண்டு சில்லுக்கும் சுழற்சியைப் பங்கிடும் டிஃபரென்ஷியலில் கிரவுன் வீல், பினியன் என்ற இரண்டு பற்சக்கரங்களும் தேய்ந்துவிட்டன என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் நிற்பது 948 சிசி எஞ்சின் கொண்ட மைனர் 1000. மெக்கானிக் அண்ணை கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பி, "டிஃப் முடிஞ்சுது தம்பி. அதே ரேஷியோவோ, வேற பாக்கிறதோ?" என்று கேட்டார். கேள்வி சின்னது. ஆனால் கார் இனி எப்படி ஓடப்போகிறது என்பதே அதில்தான் இருக்கிறது.

எஞ்சினிலிருந்து கியர்பொக்ஸ் வழியாக வரும் சுழற்சியைப் பின் சில்லுகளின் பக்கம் திருப்பிவிடுவது பினியன் என்ற சின்னப் பற்சக்கரம். அது பெரிய கிரவுன் வீலைச் சுற்றுகிறது. 948 சிசி மைனரில் பினியனுக்கு 9 பல், கிரவுன் வீலுக்கு 41. 41-ஐ 9-ஆல் வகுத்தால் 4.55. அண்ணை கேட்ட ரேஷியோ இதுதான். அதாவது பினியன் நாலரைச் சுற்றுக்குச் சற்றுக் கூடச் சுற்றினால்தான் சில்லு ஒரு முறை சுற்றும். வேகம் அந்த அளவுக்குக் குறைகிறது, முறுக்குவிசை அதே அளவுக்குக் கூடுகிறது. ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்க வேண்டும்.

ஏன் 36-க்கு 9 என்று சுத்தமாக நாலு மடங்கு வைக்கவில்லை? அப்படி வைத்தால் பினியனின் ஒரு பல் எப்போதும் கிரவுன் வீலின் அதே நாலு பற்களைத்தான் சந்திக்கும். ஒன்றில் சின்ன வடு இருந்தாலும் திரும்பத் திரும்ப அதே இடத்தில் அடி விழும். 41-க்கும் 9-க்கும் பொது வகுத்தி இல்லாததால் ஒவ்வொரு பல்லும் எதிர்ப்பக்கத்துப் பற்கள் அத்தனையையும் முறை வைத்துச் சந்திக்கிறது, தேய்மானமும் சமமாகப் பரவுகிறது. எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் யோசனைகளில் இது ஒன்று. இந்த இரண்டும் ஒன்றோடொன்று உரசிப் பழகிய சோடி. கிரவுனை விட்டுவிட்டுப் பினியனை மட்டும் மாற்றினால் சத்தம் போகாது.

மைனருக்கு இருக்கும் வசதி என்னவென்றால், அதே கூட்டில் பொருந்தும் டிஃபரென்ஷியல்கள் வேறு கார்களிலும் வந்தன. 1962-இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது மைனருக்கே 38/9, அதாவது 4.22 போட்டார்கள். பிந்திய எம்ஜி மிட்ஜெட்டில் 39/10, அதாவது 3.9. கடைசிக் கால மிட்ஜெட்டில் 41/11, கிட்டத்தட்ட 3.73.

வாங்கும் முன் காரில் இப்போது இருப்பது எது என்று பார்த்துவிட வேண்டும். அறுபது வருடத்தில் யார் எதை மாற்றினார்களோ! முன் சில்லுகளுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஒரு பின் சில்லை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினோம். கியர்பொக்ஸிலிருந்து பினியனுக்கு வரும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டில் சோக்கால் ஒரு கோடு. நான் சில்லை மெதுவாகச் சுற்ற, அண்ணை கீழிருந்து கோட்டை எண்ணினார். மற்றச் சில்லு நிலத்தில் அசையாமல் நிற்பதால், தூக்கிய சில்லு இரண்டு சுற்றுச் சுற்றும்போதுதான் கிரவுன் வீல் ஒரு சுற்று முடிக்கும். இரண்டு சுற்றில் கோடு நாலரைக்குச் சற்று மேல் வந்தது. சரி, பழைய 4.55 தான்.

இனி கணக்கு. 145/80 அளவு ரயரும் 14 அங்குல றிம்மும் என்றால் சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 1.85 மீற்றர். மணிக்கு 70 கிலோமீற்றரில், நாலாம் கியரில், 4.55-உடன் எஞ்சின் நிமிடத்துக்கு சுமார் 2,880 சுற்று ஓடும். 4.22 என்றால் 2,670, 3.9 என்றால் 2,465. காதுக்கு இதம், எஞ்சினுக்கும் ஓய்வு. இதைக் கேட்டு ஆசைப்பட்டு நேரே 3.9-க்குப் போகிறவர்கள் உண்டு. அவர்களைக் கொஞ்சம் நிறுத்தி இழுவைக் கணக்கையும் பார்க்கச் சொல்வேன்.

948 எஞ்சினின் உச்ச முறுக்குவிசை சுமார் 68 நியூட்டன் மீற்றர், 1098-க்கு 81. இரண்டுமே 2,500 சுற்றில் கிடைப்பவை. 68-ஐ 4.55-ஆல் பெருக்கினால் 310. 81-ஐ 3.9-ஆல் பெருக்கினால் 316. ஆக, 1098 எஞ்சினுக்கு 3.9 போட்டாலும் நாலாம் கியரில் அந்தக் கார் பழைய 948 அளவுக்கு இழுக்கும். ஆனால் 948-க்கே 3.9 போட்டால் 265 தான் மிஞ்சும். ஏழில் ஒரு பங்கு இழுவை போய்விட்டது.

யாழ்ப்பாணத்துச் சமதரையில் இதைத் தாங்கிக்கொள்ளலாம். றம்பொடையின் கொண்டை ஊசி வளைவுகளில் முடியாது. நாலு பேரோடும் பெட்டிகளோடும் நுவரெலியாவுக்கு ஏறும்போது, வளைவில் வேகம் 15 கிலோமீற்றருக்கு இறங்கிவிடும். இரண்டாம் கியரில் 4.55 இருந்தால் எஞ்சின் 1,460 சுற்றில் இருக்கும், முனகிக்கொண்டாவது ஏறும். 3.9-இல் அது சுமார் 1,250-க்கு இறங்கித் திணறும். முதலாம் கியருக்கு இறக்கலாமே என்றால், மைனரின் முதலாம் கியருக்கு சிங்க்ரோ, அதாவது கியர் மாற்றும்போது பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு, இல்லை. இரட்டைக் கிளச், அதாவது கிளச்சை இரண்டு தரம் மிதித்துக் கியர் மாற்றுவது, பழகாதவர் வளைவின் நடுவில் காரை நிறுத்திவிட்டுத்தான் அதைப் போட வேண்டும், பின்னால் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே விகிதத்தை முடிவு செய்ய வேண்டியது நீங்கள் ஏறப்போகும் மிகச் செங்குத்தான ஏற்றத்தில்தான், நேர் றோட்டில் அல்ல.

1098 எஞ்சின் வைத்திருப்பவர், மலைப்பக்கம் அதிகம் போகாதவர் என்றால் 3.9-ஐத் தாராளமாகப் போடலாம். 3.73-ஐ நான் இந்த இரண்டு எஞ்சினுக்கும் சொல்லமாட்டேன். எங்கள் 948-க்கு 4.22 எடுத்தோம். இழுவையில் 7 வீதம் போகும், ஏ9 வீதியில் இரைச்சல் குறையும். வருடத்தில் ஒருமுறைதான் மலைக்குப் போகிறோம்.

அப்புறம் ஒரு வேலை மிச்சம். வேகமானியின் கேபிள் கியர்பொக்ஸிலிருந்து வருகிறது, பின் அச்சில் நடந்த மாற்றம் அதற்குத் தெரியாது. இப்போது கார் அது காட்டுவதைவிட 8 வீதம் வேகமாக ஓடுகிறது. முள் 40 மைலில் நின்றால் உண்மையில் 43 மைல், அதாவது 70 கிலோமீற்றர். ஊருக்கு வெளியே காருக்குச் சட்டம் விடும் எல்லையும் அதுதான். அதனால் வேகமானிக் கண்ணாடியில் 40-க்கு நேரே சிவப்பு நெயில் பொலிஷால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.