குளிர்காலம் இல்லாத வயலில் பூச்சியை அடக்குவது யார்?

குளிர் நாட்டு விவசாயிக்கு ஆண்டுதோறும் ஓர் ஓய்வு கிடைக்கிறது. பனி விழுந்ததும் பயிர் இருக்காது, பூச்சிகளில் பெரும்பகுதி மடிந்துபோகும். அடுத்த பருவத்தில் எஞ்சியிருக்கும் சிறு கூட்டத்திலிருந்துதான் அவை மறுபடி பெருக வேண்டும். வெப்பமண்டலத்தில் அந்த இடைவெளி கிடையாது. நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் என்ற சிறு பூச்சி ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு தலைமுறையை முடித்துவிடும். தண்ணீரும் பயிரும் இருந்தால் ஆண்டு முழுவதும் பெருகும். அப்படியிருந்தும் பெரும்பாலான வயல்களில், பெரும்பாலான பருவங்களில், பூச்சிகளால் பயிர் அழிந்துவிடுவதில்லை. சிலந்தியும் தட்டானும் பொறிவண்டும் நாவாய்ப்பூச்சியும், ஊசிமுனை அளவே உள்ள ஒட்டுண்ணிக் குளவிகளும் அங்கே இரவுபகலாகத் தின்றுகொண்டிருக்கின்றன. குளிர்காலம் செய்யும் வேலையை வெப்பமண்டல வயலில் இவைதான் செய்கின்றன.

பயிர்ப் பாதுகாப்பு ஆலோசனை சொல்வது என் தொழில். என்னிடம் வரும் கடுமையான சேதங்களில் பலவற்றுக்குப் பின்னால், பயிர் இளமையாக இருந்தபோதே அடித்த ஒரு தேவையற்ற மருந்து இருக்கிறது. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

நெல்லை எடுத்துக்கொள்வோம். நட்ட சில நாட்களில் வயல்நீரில் கொசு போன்ற சின்னஞ்சிறு ஈக்கள் பறக்கும். மட்கும் குப்பையையும் பாசியையும் தின்று வாழும் அவற்றால் பயிருக்கு எந்தக் கெடுதலும் இல்லை. வயலுக்கு முதலில் வந்து சேரும் சிலந்திகளுக்கு அவைதான் உணவு. தீமை செய்யும் பூச்சி பெருகுவதற்கு முன்பே, இந்த ஈக்களைத் தின்று சிலந்திக் கூட்டம் வளர்ந்துவிடும். இந்தோனேசியாவின் ஜாவா தீவில் ஆய்வு செய்தவர்கள் 1996-இல் இதை விரிவாக வெளியிட்டார்கள். இந்தக் கட்டத்தில் 'எதற்கும் ஒரு தடவை அடித்துவைப்போம்' என்று பூச்சிக்கொல்லி தெளித்தால் ஈக்களும் சாகும், சிலந்திகளும் சாகும். பிறகு காற்றில் மிதந்து வந்து இறங்கும் புகையானைத் தடுக்க அங்கே யாரும் இருப்பதில்லை.

புகையான் தன் முட்டைகளை இலையுறையின் திசுவுக்குள் செருகிவைக்கும். மேலே விழும் தொடுநஞ்சு பெரும்பாலும் அங்கே எட்டாது. பயிரின் அடித்தண்டில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுவது இதன் வழக்கம் என்பதால், மேலிருந்து தெளிக்கும் மருந்தில் பெரும்பகுதி இலைகளிலேயே தங்கிவிடும். ஆனால் பயிரின் மேலும் நீர்ப்பரப்பிலும் ஓடித் திரியும் சிலந்திகள் உடனே மடியும். ஒரு வாரத்தில் முட்டைகள் பொரிக்கும்போது குஞ்சுகளுக்கு எதிரி இல்லாத வயல் கிடைக்கிறது. மருந்து அடித்த வயல் கருகி நிற்க, அடிக்காத பக்கத்து வயல் பச்சையாக நிற்கும் காட்சிக்குக் காரணம் இதுதான். செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகள் இந்த விஷயத்தில் மிக மோசமானவை. நெல்லில் அவற்றைத் தொடவே வேண்டாம் என்பதே என் அறிவுரை.

ஒரு நாடே இந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது. 1980களின் நடுவில் இந்தோனேசிய அரசு பூச்சிக்கொல்லி விலையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை மானியமாகக் கொடுத்துவந்தது. மலிவாகக் கிடைத்ததால் அள்ளி அடித்தார்கள். புகையான் குறையவில்லை, 1985-86இல் ஜாவாவில் மறுபடி பெரும் தாக்குதல் வந்தது. பூச்சியியலாளர்கள் காரணத்தை எடுத்துச் சொன்ன பிறகு, 1986 நவம்பரில் அதிபரின் ஆணை ஒன்று நெல்லுக்குப் பயன்பட்ட 57 பூச்சிக்கொல்லித் தயாரிப்புகளைத் தடை செய்தது. 1989-க்குள் மானியமும் நிறுத்தப்பட்டது. நெல் விளைச்சல் சரியும் என்று பயந்தவர்கள் உண்டு. அது சரியவில்லை. தடைக்குப் பின்னும் உற்பத்தி கூடியது. வயலையே வகுப்பறையாக்கி, பூச்சிகளை விவசாயிகளே எண்ணிப் பார்த்து முடிவெடுக்கும் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் 1989-இல் அங்கேதான் தொடங்கின.

எண்ணிப் பார்ப்பது என்றால் என்ன? வரப்பில் நின்று பார்ப்பதல்ல. இலைநுனியில் மஞ்சள் தெரிகிறது என்று சொல்வதும் அல்ல. வயலுக்குள் குறுக்காக நடந்து, ஆங்காங்கே ஒரு குத்து (ஓரிடத்தில் நட்ட நாற்றுகள் வளர்ந்த கொத்து) என்று பத்து, இருபது குத்துகளைப் பார்க்க வேண்டும். குனிந்து குத்தை இரு கையாலும் விலக்கி, தண்ணீர் மட்டத்தை ஒட்டிய அடித்தண்டைக் கவனியுங்கள். பழுப்பு நிறத்தில், ஆப்பு வடிவில், பக்கவாட்டில் நகர்ந்து ஒளிந்துகொள்பவை புகையான். குத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினால் நீரில் உதிரும், எண்ணுவது எளிது. அப்படித் தட்டும்போதே நீர்ப்பரப்பின் மேல் விறுவிறுவென்று ஒரு சிலந்தி ஓடும். முதுகில் கவைபோன்ற கோடு இருந்தால் அது ஓநாய்ச் சிலந்தி. வலை பின்னாமல் துரத்திப் பிடிப்பது. ஒரு நாளில் 5 முதல் 15 இரைகளைத் தின்னக்கூடியது. பச்சையும் கறுப்புமாக மெலிந்த உடலோடு பறக்கும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும் தேடுங்கள். தன் ஊசிவாயை இலையுறைக்குள் செலுத்தி, மருந்துக்கு எளிதில் எட்டாத அந்தப் புகையான் முட்டைகளை உறிஞ்சுவது அதுதான். பார்வைக்குத் தத்துப்பூச்சி போல இருப்பதால் பலர் அதையும் தீமை செய்யும் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கை நம்பி மருந்து அடித்தால், வயலில் இருந்த நல்ல துணையை நாமே கொன்றதாகும்.

எண்ணியதை வைத்து முடிவெடுக்கத்தான் பொருளாதார சேதநிலை இருக்கிறது. பூச்சியால் வரப்போகும் இழப்பு, கட்டுப்படுத்தும் செலவைத் தாண்டும் முன் நடவடிக்கை எடுக்க உதவும் எல்லை அது. புகையானுக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு தூருக்கு, அதாவது குத்தில் உள்ள ஒவ்வொரு தண்டுக்கும், ஒன்று. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். ஒரே ஒரு சிலந்தி இருப்பது, பொறுக்கக்கூடிய பூச்சி எண்ணிக்கையையே இரட்டிப்பாக்குகிறது என்பதைக் கவனியுங்கள். இலைச்சுருட்டுப் புழுவுக்கு, வளர்ச்சிப் பருவத்தில் பத்து விழுக்காடு இலைகள் பாதிக்கப்படும் வரை காத்திருக்கலாம். வெள்ளைக் கோடுகளோடு சுருண்ட இலை மனதை உறுத்தும்தான். ஆனால் இளம் நெற்பயிர் புது இலையும் புதுத் தூரும் விட்டு அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். கதிர் வரும் நேரத்தில் கண்ணாடி இலை, அதாவது கதிரை ஒட்டிய கடைசி இலை, பாதிக்கப்படுவது வேறு விஷயம். அப்போது இவ்வளவு பொறுமை கூடாது.

பூச்சியை நாமே வரவழைக்கும் இன்னொரு வழி தழைச்சத்து. யூரியாவை ஒரே தடவையில் அள்ளிப் போட்ட வயல் கரும்பச்சையாக, மென்மையாக நிற்கும். அதன் சாற்றை உறிஞ்சும் புகையான் அதிக முட்டையிடும், அதிகக் குஞ்சுகள் பிழைக்கும். பிரித்துப் பிரித்து, தேவைக்கு இடுவது உரச்செலவையும் பூச்சியையும் சேர்த்தே குறைக்கிறது. நெருக்கி நடாமல் காற்றோட்டத்துக்கு இடைவெளி விடுவதும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவதும் அடித்தண்டின் ஈரத்தைக் குறைக்கும். ஒரு பகுதியில் உள்ளவர்கள் எல்லாரும் சில வார இடைவெளிக்குள் நட்டு, அறுவடைக்குப் பின் வயலைச் சிறிது காலம் பயிரின்றி விட்டால், இயற்கை தராத குளிர்காலத்தை நாமே உண்டாக்கியதுபோல் ஆகும். இதைத் தனி ஒருவரால் செய்ய முடியாது. கூடிப் பேசித்தான் ஆக வேண்டும்.

வெளியிலிருந்து வந்து சேரும் பூச்சிகளின் கதை வேறு. அவற்றின் எதிரிகள் அவற்றோடு வருவதில்லை. தென் அமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி 1970களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, கோடிக்கணக்கானவர்களின் அன்றாட உணவான மரவள்ளியை நாடு நாடாக அழித்தது. நைஜீரியாவின் இபாடானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரன் தலைமையிலான குழு, பூச்சியின் சொந்த மண்ணில் அதன் எதிரியைத் தேடியது. பராகுவேயில் கிடைத்த ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியைச் சோதித்து, 1981-இல் நைஜீரியாவில் விட்டார்கள். அது மரவள்ளி விளையும் நாடுகளில் பரவி மாவுப்பூச்சியை அடக்கியது. ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. தாய்லாந்தில் அதே மாவுப்பூச்சி 2008-இல் தோன்றியபோதும் அதே குளவிதான் கைகொடுத்தது. மாவுப்பூச்சியின் மெழுகுப் பூச்சுக்குள் மருந்து எளிதில் இறங்காது. மருந்தால் முதலில் சாவது குளவிதான். புதுப் பூச்சி ஒன்றைக் கண்டால் கையில் கிடைத்ததை அடிப்பதைவிட, முதலில் அது என்ன என்று வேளாண் ஆய்வு நிலையத்தில் கேட்டு உறுதிசெய்வது அவசியம்.

மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவும் இப்படி வந்ததுதான். அமெரிக்கக் கண்டத்துப் பூச்சியான இது 2016-இல் ஆப்பிரிக்காவிலும் 2018-இல் இந்தியாவிலும் பதிவானது. தலையில் தலைகீழ் 'ஒய்' வடிவக் கோடும், வால்பக்கத்தில் சதுரமாக நான்கு புள்ளிகளும் இருந்தால் அதுவே. இளம் புழு இலையின் பச்சையத்தைச் சுரண்டுவதால் கண்ணாடி போன்ற திட்டுகள் தெரியும். செயல்பட வேண்டிய நேரம் அதுதான். வளர்ந்த புழு குருத்துக்குள் இறங்கி, தன் எச்சத்தாலேயே வாயிலை அடைத்துக்கொண்ட பிறகு, எந்த மருந்தும் அதைச் சரியாக எட்டாது. முளைத்த நாளிலிருந்தே வாரம் இருமுறை குருத்தைப் பாருங்கள். மெல்லிய ரோமத்தால் மூடிய முட்டைக் குவியலைக் கண்டால் கையால் நசுக்கிவிடுங்கள். ஒரு குவியலில் நூற்றுக்கு மேல் முட்டைகள் இருக்கும்.

மக்காச்சோளத்துக்குக் கென்யாவிலிருந்து வந்த ஒரு முறை என் மனதுக்கு மிகவும் பிடித்தது. நைரோபியில் உள்ள பன்னாட்டுப் பூச்சியியல் ஆய்வு மையம், இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தோடு சேர்ந்து 1990களில் இதை உருவாக்கியது. வரிசைகளுக்கு இடையே டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடி; அதன் மணம் தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சியை விரட்டும். வயலைச் சுற்றி நேப்பியர் புல்; அது அந்துப்பூச்சியை ஈர்த்து அங்கே முட்டையிடவைக்கும். பொரித்த புழுக்கள் அந்தப் புல்லின் பிசினில் சிக்கிப் பெரும்பாலும் மடியும். டெஸ்மோடியம் சுடுமல்லி போன்ற ஒட்டுண்ணிக் களையையும் ஒடுக்குகிறது, மண்ணுக்குத் தழைச்சத்தும் தருகிறது, இரண்டும் மாட்டுக்குத் தீவனமாகவும் ஆகின்றன.

பொறிகளும் உயிரியல் பொருட்களும் இப்போது எங்கும் கிடைக்கின்றன. அவற்றைச் சரியாகப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் அந்துப்பூச்சிதான் விழும். பூச்சி வரத் தொடங்கிவிட்டதா என்று அறிய அது அருமையான கருவி. நான்கு பொறி வைத்துவிட்டுத் தாக்குதல் நிற்கும் என்று காத்திருப்பது வீண். மஞ்சள் ஒட்டும் அட்டையைப் பயிரின் உயரத்துக்குச் சற்று மேலே கட்டி, பயிர் வளர வளர உயர்த்த வேண்டும். தூசி படிந்த அட்டையில் ஒன்றும் ஒட்டாது. விளக்குப் பொறியை விடிய விடிய எரித்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் கூட்டமாக மடியும். டிரைக்கோகிரம்மா குளவி முட்டையைத்தான் தாக்கும். புழு வெளிவந்த பிறகு இந்தக் குளவிகள் வெளிவரும் அட்டையைக் கட்டிப் பயனில்லை, கட்டிய சில நாட்களுக்குள் மருந்து தெளித்தாலும் பயனில்லை. புழுக்களுக்கு நோய் தரும் வைரஸ் கரைசலையும் வேப்பங்கொட்டைச் சாற்றையும் மாலையில் தெளியுங்கள். வெயில் அவற்றின் வீரியத்தைக் கெடுக்கும். வேம்பு புழுவை உடனே கொல்லாது, தின்பதை நிறுத்தும். மறுநாள் காலையில் புழு உயிரோடு இருக்கிறதே என்று வேறு மருந்தை எடுப்பவர்கள்தான் அதிகம். இரண்டு மூன்று நாள் பொறுங்கள். செடியிலிருந்து எடுத்தது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானது ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும்: புகையிலைக் கரைசலில் இருக்கும் நிகோட்டின் மனிதருக்கும் கடும் நஞ்சு.

பூச்சி எண்ணிக்கை பொருளாதார சேதநிலையைத் தாண்டிவிட்டால் இரசாயனம் தெளிக்க வேண்டியதுதான். அப்போது அந்தப் பூச்சிக்கு, அந்தப் பயிருக்குப் பரிந்துரைத்த மருந்தை, சீட்டில் உள்ள அளவில், பூச்சி இருக்கும் இடத்தில் படும்படி தெளியுங்கள். புகையானுக்கு நீரை வடித்துவிட்டு அடித்தண்டில் பட வேண்டும். இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து அடிக்காதீர்கள். ஒரே வகையைத் தொடர்ந்து பயன்படுத்தினால் பூச்சி எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும். ஆசிய நெல்வயல்களில் புகையான் இமிடாகுளோபிரிட் மருந்துக்கு அப்படித்தான் 2000களில் பழகிப்போனது. பெயர் மாறினால் போதாது, அது செயல்படும் முறை மாற வேண்டும். கையுறை, முகக்கவசம், முழு உடை இல்லாமல் யாரையும் தெளிக்க அனுப்பாதீர்கள். கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே சொல்லப்பட்ட நாட்களை விட்டே தீர வேண்டும். விளைபொருளைச் சாப்பிடப்போகும் குழந்தையின் உடல்நலம் அந்த இடைவெளியில் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், அடிக்காமல் விட மனம் துணியாது என்று பலர் சொல்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. முதலீடு முழுவதும் வயலில் நிற்கிறது. வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில் 1994-இல் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் விவசாயிகளிடம் வைத்த வேண்டுகோள் இதற்குப் பொருத்தமானது: முதல் 40 நாட்களுக்கு வயலின் ஒரு பகுதியில் மட்டும் பூச்சிக்கொல்லி அடிக்காமல் விட்டுப் பாருங்கள், விளைச்சலை நீங்களே ஒப்பிடுங்கள். ஒப்பிட்டவர்கள் தெளிப்பதைக் குறைத்தார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். ஒரு மூலையை ஒதுக்கி நான்கு குச்சி நடுங்கள். அதே விதை, அதே உரம், அதே தண்ணீர். தெளிக்கும் பகுதியிலிருந்து மருந்து காற்றில் அடித்து வராத பக்கமாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை இரண்டு பகுதியிலும் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணி, தேதியோடு எழுதிவையுங்கள். அறுவடையன்று இரண்டிலும் ஒரே பரப்பளவை அறுத்து, தனித்தனியாகக் காயவைத்து எடை போடுங்கள். தெளித்த பகுதியின் கணக்கில் மருந்துச் செலவையும் கூலியையும் கழிக்க மறக்காதீர்கள்.