‘கோட்’ என்றால் குறியீடா?

2006இல் தமிழக அரசு தடை போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிய படம் ‘தி டாவின்சி கோட்’. தலைப்பை அப்படியே விட்டால் டாவின்சி மாட்டியிருந்த மேல்சட்டை என்று தோன்றும். அதனாலோ என்னவோ, பலரும் ‘டாவின்சி குறியீடு’ என்று எழுதுகிறார்கள். தப்பில்லை. ஆனால் பின்கோடும் குறியீடுதான். அந்தச் சொல்லில் ரகசியம் எங்கே இருக்கிறது?

‘கோட்’ பிறந்தது மரத்தில். லத்தீனில் ‘காடெக்ஸ்’ என்றால் அடிமரம். பலகையில் மெழுகு பூசி, எழுத்தாணியால் கீறி, பல பலகைகளைச் சேர்த்துக் கட்டினால் அது ‘கோடெக்ஸ்’. நம் ஓலைச்சுவடிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். ஏடுகளைத் தைத்த புத்தகத்துக்கும் பிறகு அதே பெயர் வந்தது. 6ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் தொகுப்பித்த சட்டநூல் ஒரு கோடெக்ஸ். பிரெஞ்சு வழியாக வந்த ‘கோட்’டுக்குச் சட்டத்தொகுப்பு என்ற பொருள் அப்படி நிலைத்தது. ரகசியம் என்ற பொருள் ஒட்டிக்கொண்டது அதற்கெல்லாம் வெகு பின்னால்.

படத்தில் அடிபடும், பைபிளில் சேராத பிலிப்பு நற்செய்தியும் ஒரு கோடெக்ஸில் இருந்ததுதான். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே கிடைத்தது. இயேசு தம் சீடர்களில் ஒருவரான மகதலேனா மரியாளை எங்கே முத்தமிட்டார் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஏட்டில் ஓட்டை! இருவருக்கும் மணமானது என்று சொல்லும் படத்தின் கதையில் பாதி அந்த ஓட்டைக்குள்தான் ஓடுகிறது.

சரி, தமிழுக்கு வருவோம். எழுத்துகளை மாற்றியோ கலைத்தோ எழுதினால் அது ‘சைஃபர்’. அரபியில் சுழியத்தைக் குறிக்கும் ‘ஸிஃப்ர்’ தந்த சொல். அதை மறையெழுத்து எனலாம். படத்தில் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத் தரையில் செத்துக் கிடப்பவர் எழுதிவைத்த, எழுத்துகள் இடம் மாறிய வரிகள் இந்த வகை. ‘கோட்’ வேறு. ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல்லைச் சொல்வது. ஏற்கெனவே பேசி வைத்துக்கொண்டவர்களுக்கு மட்டும் புரியும்.

இதற்கு நம் இலக்கணத்தில் பேர் இருக்கிறது: குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான். ‘சங்கேதம்’ என்ற வடசொல்லும் பொருந்தும். அதற்கே முன்னேற்பாடு என்றுதான் பொருள்.

படத்தின் மையமே ஒரு குழூஉக்குறிதான். கடைசி இராவுணவில் இயேசு பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் புனிதக் கிண்ணம்தான் ‘ஹோலி கிரெயில்’. ஆளாளுக்குத் தேடும் அது கிண்ணமே இல்லை, மகதலேனா மரியாள் என்ற பெண் என்கிறது கதை. டாவின்சியின் கடைசி இராவுணவு ஓவியத்தில் இயேசுவின் முன்னால் அப்படியொரு பெருங்கிண்ணம் இல்லாததைச் சாட்சிக்கு இழுக்கிறது. ஆக, சரியான தலைப்பு ‘டாவின்சியின் குழூஉக்குறி’. போஸ்டரில் அப்படி அச்சடித்தால் எத்தனை பேர் டிக்கெட் எடுப்பார்கள் என்பது வேறு விஷயம்.