பழைய வில்லுக்குப் புது நாண் மாட்டும் முன்

பழுது பார்க்க என்னிடம் வரும் மரவில்களில் நடுவில் முறிந்தவை குறைவு. சேதம் பெரும்பாலும் நுனியில்தான் இருக்கும். நாணின் வளையம் உட்காரும் காடியில் மரம் பிளந்திருக்கும், அல்லது கயிறு மரத்தை அறுத்து உள்ளே இறங்கியிருக்கும். விசாரித்தால், "போன மாசம்தான் சார் புது ஸ்ட்ரிங் போட்டேன், நீளவே நீளாதுன்னு சொன்னாங்க" என்று பதில் வரும்.

நாண் நீள்வதைக் குறை என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நீட்சியில் இரண்டு வகை உண்டு. அம்பு விடும்போது சற்று நீண்டு, உடனே பழைய அளவுக்குத் திரும்புவது ஒன்று. திரும்பாமல் கொஞ்சம் கொஞ்சமாக நிரந்தரமாக நீண்டுபோவது மற்றொன்று. டாக்ரான் என்ற பாலியெஸ்டர் இழையில் செய்த புது நாண் மாட்டிய முதல் சில நாட்களில் பிரேஸ் ஹைட், அதாவது வில்லின் கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி, குறைவது இந்த இரண்டாவதால்தான். வில் தளர்ந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். நாணைக் கழற்றி, ஏற்கெனவே முறுக்கியிருக்கும் அதே திசையில் சில சுற்று முறுக்கினால் சரியாகிவிடும். நுனி முன்பக்கம் வளைந்த ரிகர்வ் வில்லுக்குப் பொதுவாக 7 முதல் 9 அங்குலம், நீள்வில்லுக்கு 6 முதல் 7 அங்குலம் இருக்க வேண்டும். உங்கள் வில்லைச் செய்தவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். எத்தனை முறுக்கினாலும் அளவு நிற்கவில்லை என்றால் நாண்தான் நீளம், மாற்றிவிடுங்கள்.

முதல் வகை நீட்சி வேறு கதை. அம்பு நாணை விட்டுப் பிரிந்த பிறகும் லிம்பில், அதாவது வில்லின் வளையும் கையில், கொஞ்சம் ஆற்றல் மிச்சம் இருக்கும். நாண் நீண்டு கொடுத்தால் அதில் ஒரு பகுதி அங்கேயே தணிகிறது. கொடுக்காவிட்டால் அடி முழுவதும் நுனிக்கும் கைப்பிடிக்கும் போகிறது. டாக்ரான் இழை அறுபடும் முன் 10 சதவீதத்துக்கு மேல் நீளும். ஃபாஸ்ட் ஃப்ளைட், டினீமா வகை பாலிஎத்திலீன் இழைகள் 3 அல்லது 4 சதவீதத்திலேயே அறுந்துவிடும். இவற்றில் அம்பின் வேகம் நொடிக்குச் சில அடி கூடுவது உண்மைதான். அந்தச் சில அடிக்காக ஒரு மரவில்லைப் பணயம் வைக்கலாமா என்றால், என் பதில் கூடாது.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. மத்திய கால இங்கிலாந்தின் நீள்வில்களுக்கு ஆளிச் செடி நாரிலும், கஞ்சா இனச் செடியான ஹெம்ப்பின் நாரிலும் நாண் திரித்தார்கள். அந்த நார்களும் டாக்ரானைவிடக் குறைவாகவே நீளும். அப்படியானால் மரம் எப்படித் தாங்கியது? நார் நாண் தடிமனானது, கனமானது. டினீமாவோ வெகு மெல்லிய நாணிலேயே போதிய வலுவைத் தந்துவிடும். மெல்லிய வளையம் மரத்தைக் கத்திபோல அறுக்கும். ஆகவே நீட்சியை மட்டும் குற்றம் சொல்வது பாதி உண்மைதான். ஜப்பானில் கியூதோ என்ற வில்வித்தை பயில்பவர்கள் மூங்கில் வில்லுக்கு இன்றும் ஹெம்ப் நாணைத்தான் சிறந்ததாகக் கருதுகிறார்கள். அது சீக்கிரம் அறுந்துபோகும். விலை உயர்ந்த வில் முறிவதைவிட நாண் அறுவது மேல் என்பது அவர்கள் கணக்கு. எனக்கும் அதே கருத்துதான்.

கெவ்லார் என்ற விறைப்பான செயற்கை இழை நாண்களும் ஒரு காலத்தில் ஓடின. வளையம் மடியும் இடத்தில் முன்னறிவிப்பே இல்லாமல் அறுந்ததால் மறைந்துபோயின. ஹார்டுவேர் கடை நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். அது அளவுக்கு மீறி நீளும், நனைந்தால் இன்னும் மோசம்.

சரி, எதைப் போடுவது? இந்தியன் ரவுண்டு என்ற போட்டிப் பிரிவுக்குப் பிள்ளைகள் எடுத்துவரும் மூங்கில் வில், ஒரே மரத்தில் செதுக்கிய வில், எப்போது செய்தது என்று தெரியாத பழைய ரிகர்வ், எல்லாவற்றுக்கும் டாக்ரான்தான். பி-50 என்ற டாக்ரான் இழையில், இழுவிசை 35 முதல் 45 பவுண்டு உள்ள வில்லுக்கு 12 இழை, 45 முதல் 55 பவுண்டுக்கு 14 இழை, அதற்கு மேல் 16. நீளாத இழைதான் வேண்டும் என்றால் முதலில் நுனியைப் பாருங்கள். மைக்கார்டா, ஃபீனாலிக், கொம்பு போன்ற கடினமான தகடு ஒட்டியிருக்கிறதா, காடியின் விளிம்பு வழவழப்பாக இருக்கிறதா? செய்தவரே அனுமதித்திருக்கிறாரா? மூன்றுக்கும் ஆம் என்றாலும் வளையத்தில் கூடுதல் இழை சேர்த்துத் தடிமனாக்கச் சொல்லுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் வில்லை விட்டுவிடாதீர்கள். டினீமா சூட்டில் நிரந்தரமாக நீளும். ஒட்டுவில்லாக இருந்தால் பசையும் இளகக்கூடும்.

நாணை மாற்றினால் அம்பையும் பார்க்க வேண்டும். வேகமான நாணில் பழைய அம்பு அதிகம் வளையும், கொஞ்சம் விறைப்பான அம்பு தேவைப்படலாம். அதைவிட முக்கியம் நாக், அதாவது அம்பின் வால்நுனியில் நாண் பொருந்தும் பிளவு. மெல்லிய நாணில் நாக் தளர்ந்து, விடும் நேரத்தில் அம்பு நழுவினால் அது வெறும் நாணை விட்டதற்குச் சமம். நல்ல வில்கூட அதில் உடையும். நாணில் அம்பை மாட்டி, முனை தரையைப் பார்க்கத் தொங்கவிடுங்கள். தன் எடையில் அது விழக் கூடாது. நாணை விரலால் ஒரு தட்டு தட்டினால் விழ வேண்டும். தானாக விழுந்தால் நாணின் நடுவில் சுற்றியிருக்கும் காப்பு நூலான சர்விங்கைப் பிரித்து, தடித்த நூலால் மறுபடி சுற்றுங்கள்.