உவா ஓதம்: ஸ்பிரிங் டைடுக்கு வசந்தம் எதற்கு?

போன ஐப்பசியில் ஒரு மாலை. வெளியே அடைமழை. தொலைக்காட்சியின் அடியில் ஓடிய செய்தியில் 'வசந்தகால உயர் அலை காரணமாக முகத்துவாரத்தில் நீர் வடிவது தாமதம்' என்று வந்தது. ஐப்பசி மழையில் ஏது வசந்தம்? ஆங்கிலத்து 'ஸ்பிரிங் டைட்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் விளைவு இது. இதே தொடரை ஓர் ஆவணப்படத்தின் தமிழ்க் குரலில் கேட்டிருக்கிறேன், கைப்பேசிச் செயலி ஒன்றிலும் பார்த்திருக்கிறேன். மூன்றாவது முறையும் வந்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் 'டைட்', தமிழில் ஓதம்: கடல்நீர் ஏறி இறங்குவது. பழைய ஆங்கிலத்தில் அதற்குக் காலம், வேளை என்று பொருள். வேளை தவறாமல் கடல்நீர் ஏறி இறங்குவதால் அந்தப் பெயர். 'ஸ்பிரிங்' என்பதன் வேர்ப்பொருள் துள்ளுதல், பொங்கி எழுதல். ஊற்றுக்கும், சுருள்வில்லுக்கும், தளிர் கிளம்பும் பருவத்துக்கும் அதே வேரிலிருந்து ஆங்கிலத்தில் பெயர் வந்தது. ஸ்பிரிங் டைடில் இருப்பது பொங்குதல் மட்டும்தான். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, ஓரிரு நாள் முன்பின்னாக, மாதம் இருமுறை வருடம் முழுக்க வருவது அது. சூரியனும் நிலவும் பூமியோடு ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் நீர் வழக்கத்தைவிட அதிகம் ஏறும், அதிகம் வற்றும்.

'ஆங்கிலேயனே வசந்தம் என்றுதானே சொல்கிறான்' என்று வாதிடுபவர்கள் உண்டு. அவன் சொல்லவில்லை, நாம்தான் அப்படிப் படித்துக்கொள்கிறோம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: பகலும் இரவும் சமமாகும் மார்ச்சில் இந்த ஓதம் கூடுதலாக இருக்கும், அதனால் வசந்தம் பொருந்தும் என்று. சரி, செப்டம்பரிலும் அதே அளவு கூடுகிறதே, அதற்கு என்ன பெயர் வைப்பது? நம் கரைக்கு இது இன்னும் பொருந்தாது. சென்னைக் கடலின் சராசரி மட்டம் மார்ச்சையொட்டித்தான் தாழ்ந்து கிடக்கும். அது உச்சத்துக்கு வருவது ஐப்பசி, கார்த்திகையில். மழையும் அப்போதுதான். மேலே மழைவெள்ளம், கீழே ஏறி நிற்கும் கடல், நடுவில் அமாவாசை ஓதமும் சேர்ந்தால் அடையாறும் கூவமும் கடலுக்குள் தண்ணீரைத் தள்ள முடியாமல் திணறும். கரையோரத்து ஆட்கள் உண்மையில் பயப்பட வேண்டிய நாளுக்கு 'வசந்தகாலம்' என்று பெயர் போட்டால் யார் எச்சரிக்கையாக இருப்பார்கள்?

அடுத்த கோளாறு 'அலை'. அலை காற்றால் எழுவது. சில நொடிக்கு ஒன்று வந்து மோதும். ஓதம் நிலவாலும் சூரியனாலும் வருவது; நம் கரையில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் எவ்வளவு குழப்பம் பாருங்கள். பிரான்ஸில் லா ரான்ஸ் ஆற்றுவாயில் 1966 முதல் ஓடும் மின்நிலையம் ஓதத்தில் இயங்குவது. கேரளத்து விழிஞ்ஞத்தில் அமைத்துப் பார்த்தது அலையில் இயங்குவது. இரண்டையும் 'அலை மின்சாரம்' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

ஓதம் செத்த சொல் என்கிறவர்கள் மழைக்காலத்தில் ஒரு பழைய வீட்டுக்குள் போய்ப் பார்க்கட்டும். "சுவத்துல ஓதம் ஏறியிருக்கு" என்பார்கள். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு பொரிந்து, உப்புப் பூத்து, தொட்டால் விரலில் மாவு மாதிரி ஒட்டும். சத்தமே இல்லாமல் கீழிருந்து ஏறும் ஈரம். கடலோரத்து உப்பங்கழியில் தண்ணீர் ஏறுவதும் அப்படித்தான். சேற்றில் சாய்ந்து கிடக்கும் படகு சற்று நேரத்தில் நிமிர்ந்து, இன்னும் கொஞ்ச நேரத்தில் தானாக மிதக்கும். ஓர் அலைகூட அடித்திருக்காது. நற்றிணை 117ஆம் பாட்டு 'பெருங்கடல் முழங்க' என்று தொடங்கி, 'இருங்கழி ஓதம் இல் இறந்து மலிர' என்று தொடர்கிறது. முழக்கம் கடலுக்கு, வீடுகளையும் கடந்து பெருகுவது கழியின் ஓதத்துக்கு. அந்தப் புலவர் பிரித்துப் பார்த்ததை நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஒன்றாக்கிவிட்டார்கள்.

இலங்கையில் டைடுக்கு வற்றுப்பெருக்கு என்கிறார்கள். அருமையான சொல், ஏறுவதும் இறங்குவதும் அதிலேயே இருக்கின்றன. ஆனால் அதன்மேல் இன்னொரு அடைமொழி ஏற்றினால் நாக்கில் நிற்காது.

அப்புறம், ஸ்பிரிங் டைடுக்கு 'பேரோதம்' போதுமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு உடன்பாடில்லை. அது அளவை மட்டும் சொல்கிறது. குஜராத்தில் பவநகர் பக்கம் நீர் 10 மீட்டர் ஏறி இறங்கும். சென்னையில் அமாவாசையன்றுகூட ஏறக்குறைய 1 மீட்டர்தான். சென்னைக்காரனுக்கு அங்கே எல்லா நாளும் பேரோதம்தான். புயல் தள்ளிவரும் நீரையும் நாளைக்கு யாராவது பேரோதம் என்பார்கள். பெயரில் காரணம் தெரிய வேண்டும். காரணம் நிலவு.

அதற்குத் தமிழில் சொல் தயாராக இருக்கிறது: உவா. அமாவாசை, பௌர்ணமி இரண்டுக்கும் பொதுவான பெயர். காருவா அமாவாசை, வெள்ளுவா பௌர்ணமி. புறநானூறு 65இல் 'உவவுத் தலைவந்த பெருநாள் அமையத்து இருசுடர் தம்முள் நோக்கி' என்று வருகிறது. சூரியனும் முழுநிலவும் எதிரெதிரே ஒன்றையொன்று பார்த்து நிற்கும் மாலை. இந்த ஓதத்துக்கான காரணத்தில் பாதி அந்த ஒரு வரியில் இருக்கிறது. மலையாளத்தில் இன்றும் அது வாவு. அதனால் உவா ஓதம் என்பதே சரி. கடினம் என்று தோன்றினால் அமாவாசை ஓதம், பௌர்ணமி ஓதம் என்று எழுதுங்கள், யாருக்கும் புரியும். ஏற்றம் குறைந்து வரும் நீப் டைட் அரைநிலவை ஒட்டியது, ஆகவே அட்டமி ஓதம்.

அன்றைய செய்தி வரி இப்படி இருந்திருக்கலாம்: 'அமாவாசையை ஒட்டி உவா ஓதம். இன்றிரவு முகத்துவாரத்தில் கடல்நீர் ஏறி நிற்கும். தாழ்வான தெருக்களில் மழைநீர் வடிய நேரமாகும்.'