அடைப்பான் நோயும் உயிரியல் பயங்கரவாதமும்

உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்டுக் கிடை ஒன்றில் ஆடு திடீரென்று செத்து, அதன் மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் வடிவதாக மந்தை மேய்க்கும் கீதாரி கைப்பேசியில் சொன்னால், கால்நடை மருத்துவனாக நான் முதலில் சொல்வது, "அறுக்காதீங்க, தோலை உரிக்காதீங்க" என்பதுதான். அடைப்பான் எனப்படும் ஆந்த்ராக்ஸ் கிருமி, செத்த உடலைத் திறந்து காற்றுப் பட்டதும் வித்துகளாக மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். காதுச் சிரையில் எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றிப் பார்த்தால், இளஞ்சிவப்பு உறைக்குள் முனை சதுரமாக வெட்டினாற்போன்ற நீலக் கோல்கள் வரிசையாகத் தெரியும். நோயைக் கண்டறிவதைவிட, கறியைப் பங்கு போட்டுக் கொஞ்சமாவது காசு பார்க்க நினைப்பவரைத் தடுப்பதுதான் பெரும்பாடு.

இதே கிருமியைத்தான் 1942இல் பிரிட்டன், ஸ்காட்லாந்தின் குருயினார்டு தீவில் ஆடுகள்மீது ஆயுதமாகச் சோதித்தது; ஃபார்மால்டிஹைடு தெளித்துச் சுத்தம் செய்த பின், 1990இல்தான் அத்தீவு பாதுகாப்பானதென அறிவிக்கப்பட்டது. 2001இல் அமெரிக்காவில் அஞ்சல் உறைகளில் இதை அனுப்பியதில் 22 பேர் நோயுற்று, அவர்களில் 5 பேர் இறந்தனர். ஆனால், சதி எப்போதும் உறைக்குள் வருவதில்லை. 1984இல் ஆரிகன் மாநிலத்து உணவகங்களில் சால்மொனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி கலக்கப்பட்டு 751 பேர் நோயுற்றபோது, பரிமாறியவர்களின் சுகாதாரக் குறைவே காரணம் என முதலில் கருதப்பட்டது; வேண்டுமென்றே செய்தது என்பது ஏறத்தாழ ஓராண்டு கழித்தே வெளிப்பட்டது. ஆகவே, யார் செய்தது என்பது தெரியும்வரை மருத்துவரோ சுகாதாரத் துறையோ காத்திருக்க முடியாது.

1975இல் நடைமுறைக்கு வந்த உயிரியல் ஆயுதத் தடை உடன்படிக்கையில், நாடுகள் அதை மதிக்கின்றனவா என்று நேரில் ஆய்வு செய்யும் அமைப்பு இன்றுவரை இல்லை. அதனால் 2007இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுச் சுகாதார விதிமுறைகளையே நான் பெரிதும் நம்புகிறேன். பல நாடுகளைப் பாதிக்கக்கூடிய அவசரநிலை என மதிப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பதோடு, வழக்கத்துக்கு மாறான நிகழ்வாயின் அதன் தோற்றம் எதுவாயினும் தகவல் தர வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. எனினும், அந்தக் கெடு தொடங்குமுன்பே, கிடை போட்ட ஊருக்கும் மாவட்டத் தலைநகருக்கும் இடையில்தான் நாட்கள் வீணாகின்றன. கால்நடைத் துறையும் சுகாதாரத் துறையும் கோப்புகள் வழியாகவே பேசிக்கொள்வது எனக்கு ஒப்பாத வழக்கம்.

கையில் அடைப்பானின் அடையாளமான வலியில்லாத கறுத்த புண்ணோடு கறிக்கடைக்காரர் ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால், மருந்தோடு நிறுத்திவிடாமல், அவர் அறுத்தது எந்தக் கிடை ஆடு, கறி எந்தெந்த வீட்டுக்குப் போனது என்று கேட்டு, அன்றைக்கே கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். ஆடு மாடு வளர்ப்போர் 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.